மூன்று வருஷக் கணக்கு: செட்டிநாட்டில் நான்கு நாள்

நவம்பர் 7, 2024, வியாழன். காரைக்குடி

ரயிலை விட்டு இறங்கியபோது இன்னும் விடியவில்லை. விடாத தூறல். நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடை, தகரக் கூரையில் மழை சடசடத்துக்கொண்டிருந்தது. கடைக்காரர் டீயை ஆற்றுவதற்கு முன்னால் தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டி, "முதல்ல தலையைத் துவட்டுங்க" என்றார். யார், எந்த ஊர் என்று எதுவும் கேட்கவில்லை. டீ 12 ரூபாய். இரண்டு குடித்தேன்.

பணம் கட்டிப் பதிவு செய்திருந்த விடுதியில் அறை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இன்று சூரசம்ஹாரம். குன்றக்குடிக்கு வந்த கூட்டம் நேற்று இரவே எல்லா அறைகளையும் நிரப்பிவிட்டதாம். ரசீதைக் காட்டினேன். பணம் திரும்பி வரும் என்றார்கள், எப்போது என்று சொல்லவில்லை. என்னைக் கொண்டுவந்து விட்ட ஆட்டோக்காரர்தான் "வாங்க சார், பார்ப்போம்" என்று செக்காலைப் பக்கம் ஒரு பழைய வீட்டுக்குக் கூட்டிப்போனார். பின்கட்டில் மூன்று அறைகளை வாடகைக்கு விடுகிறார்கள். ஒரு நாளைக்கு 900 ரூபாய். சுவரில் ஈரம் பூத்திருந்தது, மெத்தை பரவாயில்லை. அலைந்ததற்காகக் கூடக் கொடுத்த ஐம்பது ரூபாயை ஆட்டோக்காரர் வாங்கவே இல்லை.

எதற்காக வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் பதினோராம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். ஐந்தாறு வருஷமாக ஓய்வு நேரத்தில் ஒரே வேலை: ஐ.என்.எஸ். சக்ரா என்ற பெயரில் நம் கடற்படையில் இருந்த இரண்டு அணுசக்தி நீர்மூழ்கிகளின் பணி வரலாற்றைத் தமிழில் எழுதி வைப்பது. இரண்டுமே ரஷ்யர்களிடம் வாடகைக்கு எடுத்தவை. முதல் சக்ரா 1988 முதல் 1991 வரை, இரண்டாவது 2012 முதல் 2021 வரை. தேதிகள், அளவுகள் எல்லாம் நோட்டில் இருக்கின்றன. ஆனால் நீருக்கடியில் வாழ்ந்த ஒருவரிடம் உட்கார்ந்து பேசியதில்லை. உடன் வேலை பார்க்கும் ஆசிரியை, தன் பெரியப்பா நீர்மூழ்கியில் இருந்தவர் என்றும், ஓய்வுக்குப் பிறகு ஊரோடு வந்துவிட்டார் என்றும் சொன்னார். நகரத்தார் வீட்டுப் பிள்ளை ஒருவர் கடையையும் கணக்கையும் விட்டுவிட்டு நீர்மூழ்கிக்குப் போனார் என்பதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

வீடு கோட்டையூர் தாண்டி ஒரு சிற்றூரில். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். தெருவில் பத்து வீடு இருந்தால் எட்டு வீடு பூட்டிக் கிடக்கிறது. திண்ணையில் ஐயா காத்திருந்தார். 72 வயது, நிமிர்ந்த முதுகு. முகப்பைத் தாண்டி வளவுக்குள் நுழைந்தால் நாலாபக்கக் கூரையிலிருந்தும் மழை நடு முற்றத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. பர்மா தேக்குத் தூண்களை ஒரு ஆளால் கட்டிப்பிடிக்க முடியாது. "கப்பல்ல வந்த மரம்" என்று தூணைத் தட்டினார். அவருடைய ஐயா காலத்தில் வந்ததாம்.

ஆச்சிக்குச் சஷ்டி விரதம். ஆறு நாளாகப் பாலும் பழமும்தான். அப்படியிருந்தும் எனக்கு இலை போட்டுவிட்டார். வெண்டைக்காய் மண்டி, பருப்பு, அப்பளம், கடைசியில் கவுனி அரிசி இனிப்பு. மண்டி என்றால் அரிசி கழுவிய தண்ணீரில் வைப்பது. புளிப்பும் காரமும் சேர்ந்து நாக்கில் நின்றது. "நீங்க சாப்பிடலையே ஆச்சி" என்றேன். "சம்ஹாரம் முடியட்டும் தம்பி" என்று இன்னொரு கரண்டி வைத்தார்.

ஐயா முதலிலேயே ஒன்று சொல்லிவிட்டார். "சக்ராவுல நான் இல்லை. எங்களது டீசல் போட்டு. எனக்குத் தெரிஞ்சதைத்தான் சொல்லுவேன். சொல்லக் கூடாததைக் கேக்காதீங்க." கேட்கவில்லை.

1971இல் கடற்படையில் சேர்ந்தவர். ஃபாக்ஸ்ட்ராட் வகை நீர்மூழ்கியில் எலக்ட்ரிக்கல் பிரிவு. விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறதே குர்சுரா, அந்த வகை. 91 மீட்டர் நீளம், உள்ளே எழுபத்துச் சொச்சம் பேர், நீருக்குள் பாய்ந்துபோய் கப்பலைத் தாக்கும் டார்பிடோ 22. ஒருவர் எழுந்த படுக்கையில் அடுத்தவர் படுப்பார். குளியல் என்பதே கிடையாது, தண்ணீர் குடிப்பதற்கும் சமையலுக்கும்தான். டீசல் வாடை தலைமுடியில் ஏறிவிட்டால் வீட்டுக்கு வந்து சீயக்காய் போட்டாலும் போகாது. "மூணு தரம் வெந்நீர் வெப்பேன்" என்றார் ஆச்சி.

"அதெல்லாம் பழகிரும். பழகாதது ஒண்ணுதான்" என்றார் ஐயா. "எங்களுக்கு மூச்சு மேலேதான் இருந்துச்சு."

டீசல் எஞ்சின் ஓடக் காற்று வேண்டும். நீருக்கடியில் பேட்டரியில்தான் ஓட முடியும். வேகமாகப் போனால் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும், மெதுவாகப் போனாலும் சில நாள்தான். பிறகு நீர்மட்டத்துக்குக் கிட்ட வந்து ஸ்நார்க்கல் குழாயை மேலே நீட்டி, டீசலை ஓட்டி, சார்ஜ் ஏற்ற வேண்டும். எதிரியின் விமானம் பார்ப்பது அந்த நேரத்தில்தான். அணுவுலை வைத்த நீர்மூழ்கிக்கு இந்தத் தொல்லை இல்லை. உலையின் சூட்டில் நீராவி, நீராவியில் டர்பைன். எரிவதற்குக் காற்றே தேவையில்லை. உள்ளே இருப்பவர்கள் சாப்பாடு தீரும்வரை கீழேயே இருக்கலாம். இதை நான் வகுப்பில் படம் போட்டு நடத்தியிருக்கிறேன். ஆனால் மேலே வந்தாக வேண்டிய கப்பலில் வருஷக்கணக்கில் இருந்த ஒருவர் வாயால் கேட்டபோதுதான் அதன் அருமை உறைத்தது.

1988 பிப்ரவரி 3. அன்று ஐயா விசாகப்பட்டினத்தில் இருந்தார். பிரதமர் ராஜீவ் காந்தி வந்திருந்தார். தூரத்தில் கரும்புள்ளி போலத் தெரிந்து, கிட்ட வர வர, பருத்த மூக்கோடு உருண்டையாக ஒன்று வந்தது. "எங்க போட்டெல்லாம் கத்தி மாதிரி இருக்கும். இது திமிங்கிலம். புகையே இல்லை தம்பி. அந்த அளவுக்குப் பெரிசா ஒண்ணு புகையில்லாம வருது!"

அந்தத் திமிங்கிலத்தின் பழைய பெயர் கே-43. 1967 நவம்பரில் சோவியத் கடற்படையில் சேர்ந்தது. நம்முடைய முதல் நீர்மூழ்கியான கல்வாரி சேர்ந்தது அதே 1967 டிசம்பரில். கல்வாரி டீசல், இது அணு. ஒரு மாத இடைவெளியில் பிறந்த இரண்டும் அப்படி இருந்தன. அவர்களுக்கும் நமக்கும் இருந்த தூரத்தை இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியாது. சரியாகச் சொன்னால் கே-43 ஏவுகணை நீர்மூழ்கி, முன்பக்கம் எட்டு ஏவுகணைக் குழாய்கள். ஆனால் நமக்கு வந்தது கற்றுக்கொள்வதற்கு. அணு ஆயுதம் கிடையாது. கேப்டன் ஆர்.என். கணேஷ் முதல் தளபதி. மாலுமிகள் வருஷக்கணக்கில் சோவியத்தில் படித்துவிட்டு வந்தவர்கள். 1988 ஜனவரி 5 அன்று விளாடிவாஸ்டாக்கில் கொடி ஏற்றினார்கள். மூன்று வருஷத்தில் 72,000 கடல் மைல் ஓடியது. உலை 430 நாள் இயங்கியது. 42 முறை டார்பிடோவும் ஐந்து முறை ஏவுகணையும் விட்டுப் பார்த்தார்கள். 1991 ஜனவரியில் திருப்பி அனுப்பிவிட்டோம்.

இதை நான் நோட்டைப் பார்த்து வாசித்தேன். முற்றத்து ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த ஆச்சி, "அப்ப மூணு வருஷக் கணக்கு முடிஞ்சு ஊருக்குப் போயிருக்கு" என்றார். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போனவர்களின் தவணை அதுதான். மூன்று வருஷம் அங்கே, பிறகு கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர். நீர்மூழ்கியின் வரலாற்றை அந்த அளவுகோலில் யாரும் அளந்து நான் கேட்டதில்லை.

நவம்பர் 8, வெள்ளி. ஆத்தங்குடி, மழை

காலையில் வெயில் எட்டிப்பார்த்ததை நம்பிக் குடை இல்லாமல் கிளம்பினேன். பணியாரமும் வரமிளகாய்ச் சட்னியும் 60 ரூபாய். பக்கத்து மேசைக்காரர் தன் கிண்ணத்துச் சட்னியை என் பக்கம் தள்ளி, "இதைத் தொட்டுப் பாருங்க, அது புதுசா வந்த ஆள் அரைச்சது" என்றார். உண்மைதான், இரண்டுக்கும் ருசி வேறு.

ஆத்தங்குடியில் தரைக்கல் செய்கிற கொட்டகை ஒன்றில் ஒரு மணி நேரம் நின்றேன். கண்ணாடித் தட்டின் மேல் பித்தளை அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு நிறக் குழம்பை ஊற்றுகிறார் ஒருவர். கை நடுங்கவே இல்லை. அச்சைத் தூக்கினால் நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கின்றன. மேலே உலர்ந்த சிமெண்ட் மணல், அதற்கு மேல் காரை, அழுத்தித் தட்டி, காயவைத்து, நாள்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டுவிடுகிறார்கள். பிறகு கண்ணாடியைப் பிரித்தால் தரை பளபளக்கிறது. சூளை இல்லை, நெருப்பே இல்லை. சதுர அடி 60 ரூபாய் என்றார். எவ்வளவு வருஷமாகச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். "எங்கப்பாகிட்ட எட்டு வருஷம் கண்ணாடி துடைச்சேன். அதுக்கப்புறம்தான் அச்சைத் தொட விட்டாரு."

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. ஊருணிக் கரையோரம் ஆட்டோவின் பின்சக்கரம் சேற்றில் அச்சுவரை இறங்கிவிட்டது. நானும் ஓட்டுநரும் தள்ளினோம், அசையவில்லை. பள்ளி விட்டு வந்த நான்கு பையன்கள் புத்தகப் பையைத் திண்ணையில் வைத்துவிட்டு, யாரும் கூப்பிடாமலே வந்து தள்ளினார்கள். வண்டி கிளம்பியதும் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார்கள். என் பையில் தண்ணீர் புகுந்து நோட்டில் முதல் இருபது பக்கம் மை பரவிவிட்டது. வாசிக்கத்தான் முடிகிறது, பார்க்க மனசு வரவில்லை.

மாலை ஐயா வீட்டுக்குப் போனபோது கரண்ட் இல்லை. வளவில் ஒரு அரிக்கேன் விளக்கு. இன்று நவம்பர் 8 என்பது எனக்குக் காலையிலிருந்தே நினைவில் இருந்தது. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இருந்தேன். அவரே, "இன்னைக்குத்தானே நெர்ப்பா?" என்றார்.

நெர்ப்பா என்றால் பைக்கால் ஏரியில் வாழும் நீர்நாய் போன்ற ஒரு பிராணி, சீல் வகை. இரண்டாவது சக்ராவின் பழைய பெயர் அது. எண் கே-152. 1993இல் கொம்சொமோல்ஸ்க் நகரத்து அமூர் கப்பல்தளத்தில் கட்டத் தொடங்கினார்கள். சோவியத் உடைந்து பணமில்லாமல் வருஷக்கணக்கில் பாதியில் நின்றது. 2004இல் இந்தியா செலவில் பங்கெடுக்க ஒப்புக்கொண்ட பிறகு வேலை மறுபடி நகர்ந்து, 2006இல் தண்ணீரில் இறக்கினார்கள். 2008 நவம்பர் 8 அன்று ஜப்பான் கடலில் சோதனை ஓட்டம். உள்ளே 208 பேர். வழக்கமாக அந்தக் கப்பலில் இருப்பவர்கள் அதில் பாதிகூட இல்லை. மீதிப் பேர் கப்பலைக் கட்டிய தொழிலாளர்கள், பொறியாளர்கள். தீ எதுவும் இல்லாத நேரத்தில் தீயணைப்பு அமைப்பு திறந்துகொண்டு முன்பகுதியில் வாயுவைக் கொட்டியது. தீயை அடக்குவதற்கான வாயு அது. மூடிய அறையில் மனிதருக்கும் மூச்சை அடக்கிவிடும். போதாததற்கு அதில் கலந்திருந்த ரசாயனம் நஞ்சு. 20 பேர் இறந்தார்கள். அவர்களில் 17 பேர் படையினர் அல்ல.

நான் சொல்லி முடித்ததும் ஐயா எழுந்துபோய் உள்ளேயிருந்து ஒரு சிறு நோட்டை எடுத்து வந்தார். காக்கி அட்டை, ஓரம் கரையான் தின்றது. அவர் காலத்து நீர்மூழ்கியில் வால்வு, மீட்டர், எல்லாவற்றிலும் ரஷ்ய எழுத்துதான். ஆகவே சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் பாடம் பண்ணியிருக்கிறார். நசோஸ், பம்பு. கிளாப்பன், வால்வு. வதா, தண்ணி. விளக்கைக் கிட்ட இழுத்து ஒரு வரியில் விரலை வைத்தார். வோஸ்துக், காத்து.

"இந்தச் சொல்லைத்தான் முதல்ல கத்துக்குடுத்தாங்க" என்றார். "எங்க ஆளுங்க போய் ஏறுறதுக்கு முன்னாடி, அவங்க ஆளுங்க இருபது பேரு."

அதற்கு மேல் இன்று எதுவும் பேசவில்லை. ஆச்சி விரதம் முடித்த கையோடு செய்த பால் பணியாரத்தைக் கிண்ணத்தில் கொடுத்தார். மழைச் சத்தத்தில் சாப்பிட்டோம்.

நவம்பர் 9, சனி. முனீஸ்வரன் கோவில் தெரு, கானாடுகாத்தான்

மழை விட்டுவிட்டது, புழுக்கம் ஆளைத் தின்கிறது. முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள். இடித்த வீடுகளின் நிலைக்கதவு, எனாமல் தூக்குவாளி, பெல்ஜியம் கண்ணாடி, சாமி படம், பெட்டகம் எல்லாம் நடைபாதைவரை அடுக்கியிருக்கிறார்கள். ஒரு கடையில் கட்டுக்கட்டாகக் கணக்குப் புத்தகங்கள். தமிழ் எண்களில் வட்டிக் கணக்கு, மேலே பிள்ளையார் சுழி. ஒரு கட்டு 1,500 ரூபாய் சொன்னார். வாங்கவில்லை. கடைக்காரர் கோபப்படாமல் ஒரு புத்தகத்தைப் பிரித்துக் காட்டி, "இது அடுத்தாள் எழுத்து சார், பாருங்க எவ்வளவு பயந்து எழுதியிருக்காரு" என்றார். கோடு தாண்டாமல், ஒரு அடித்தல் இல்லாமல் இருந்தது.

அடுத்தாள் என்ற சொல் மனதில் ஒட்டிக்கொண்டது.

மதியம் ஒரு மெஸ்ஸில் கோழி உப்புக்கறியும் நண்டு ரசமும். 280 ரூபாய். நண்டு ரசத்தை டம்ளரில் கேட்டு வாங்கிக் குடித்தேன். மிளகு காதுவரை ஏறியது. பரிமாறிய அம்மா, என் இலையில் சோறு மிச்சமிருப்பதைப் பார்த்துவிட்டு, மோர் ஊற்றாமல் நின்றார். சோறு தீர்ந்த பிறகுதான் ஊற்றினார்.

ஐயா வரச் சொல்லியிருந்தார், கானாடுகாத்தானுக்குக் கூட வருகிறேன் என்று. போகிற வழியில் மின்வேதியியல் ஆய்வகத்தைக் காட்டினார். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்தது. 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரியில் திறந்தார்கள். கடல் உப்பு இரும்பை எப்படித் தின்கிறது என்று மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் தகடுகளை வைத்துப் பார்த்துவருகிறவர்கள் இவர்கள்தான். கடலே இல்லாத காரைக்குடியில் கப்பலின் துருவைப் பற்றிய படிப்பு. அணு நீர்மூழ்கிக்குள் மூச்சுக்காற்று வருவதும் இதே மின்வேதியியலால்தான்: மின்சாரத்தை விட்டு நீரைப் பிளந்தால் ஆக்சிஜன். மின்சாரம் உலையிலிருந்து, நீர் கடலிலிருந்து. இதைச் சொன்னதும் ஐயா வண்டியிலேயே கண்ணை மூடிக்கொண்டு, "எங்களுக்கு இதெல்லாம் எங்க" என்றார்.

கானாடுகாத்தான் தெருக்கள் நேர்கோடு. அரண்மனை போன்ற வீடுகள் ஒரு தெருவில் வாசல் வைத்து அடுத்த தெருவில் முடிகின்றன. 1912இல் கட்டி முடித்த அரண்மனைக்கு எதிரே, பூட்டியிருந்த ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். எதிர்வீட்டிலிருந்து ஒரு பெரியவர் வந்து, திண்ணை ஈரமாக இருக்கிறதே என்று கோணிப்பை கொடுத்துவிட்டுப் போனார்.

என்னிடம் நீண்டநாளாக ஒரு கேள்வி. இரண்டாவது சக்ராவுக்குப் பத்து வருஷ வாடகை கிட்டத்தட்ட 100 கோடி டாலர் என்று செய்திகளில் வந்தது. 8,000 டன்னுக்கு மேல் எடை, முப்பது நாட் வேகம், மணிக்கு 55 கிலோமீட்டர். 2012 ஏப்ரல் 4 அன்று விசாகப்பட்டினத்தில் பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி சேர்த்துவைத்தார். கேப்டன் பி. அசோகன் தளபதி. இது முழுக்க வேட்டைக்கான கப்பல்: எதிரியின் கப்பலையும் நீர்மூழ்கியையும் பின்தொடர்ந்து தாக்குவது வேலை. 2017இல் அதன் சோனார், அதாவது ஒலியை வைத்து எதிரியைக் கண்டுபிடிக்கும் கருவி, அதன் கூடு சேதமானது. கடைசியில் பத்து வருஷம் முடியும் முன்பே, 2021 ஜூன் மாதம், சிங்கப்பூர் நீரிணை வழியாக நீர்மட்டத்தில் மிதந்தபடி ஊர் திரும்பிப் போவதைக் கப்பல்காரர்கள் பார்த்தார்கள். இவ்வளவு பணம், இவ்வளவு உயிர், கடைசியில் கையில் ஒன்றும் இல்லை. இது சரியா?

ஐயா யோசித்துத்தான் பேசினார். "எங்க கடைகள்ல எப்படின்னு தெரியுமா? முதல்ல பெட்டியடிப் பையன். பெட்டிக்குப் பக்கத்துல உக்காந்து சொன்ன வேலையைச் செய்யணும். அப்புறம் அடுத்தாள். கணக்கு எழுதலாம், முடிவு எடுக்க முடியாது. அப்புறம் மேலாள். கடை அவனது இல்லை, ஆனா நடத்துறவன் அவன். ரெண்டு மூணு கணக்கு முடிச்சுட்டு வந்துதான் தனிக்கடை. அடுத்தாளா இருந்த கடை நமக்குச் சொந்தமாகலையேன்னு எவனும் அழுததில்லை."

முதல் சக்ராவில் போனவர்கள் பெட்டியடிப் பையன்கள், இரண்டாவதில் போனவர்கள் மேலாட்கள் என்றார். அந்தக் கணக்கு சரியாகப் பொருந்துகிறது. முதல் சக்ராவை ஓட்டிய கணேஷ், பின்னாளில் வைஸ் அட்மிரலாகி, உள்நாட்டு அணு நீர்மூழ்கித் திட்டத்துக்கே தலைமை ஏற்றார். நம் கல்பாக்கத்தில் தரையில் ஒரு நீர்மூழ்கி உலையைக் கட்டி ஓட்டிப் பார்த்தார்கள். அந்தத் திட்டத்தின் முதல் நீர்மூழ்கி அரிஹந்த் 2009 ஜூலை 26இல் தண்ணீரில் இறங்கியது, 2016இல் படையில் சேர்ந்தது. அரிகாட் இந்த ஆகஸ்டில் சேர்ந்திருக்கிறது. இவை இரண்டும் ஏவுகணையோடு கடலில் மறைந்திருக்கும் வகை. வேட்டைக் கப்பல் இன்னும் நம்முடையது என்று ஒன்று இல்லை. போன மாதம்தான் இரண்டைக் கட்ட ஒப்புதல் கிடைத்ததாகச் செய்தி. இன்னொன்றை வாடகைக்கு எடுக்க 2019இலேயே 300 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் போட்டாயிற்று, கப்பல் வந்தபாடில்லை.

எனக்கு ஐயாவின் பதில் முழுக்க ஒப்புதல் இல்லை. 1991இல் முதல் சக்ரா போய் 2012இல் இரண்டாவது வரும்வரை இருபத்தொரு வருஷம். பெட்டியடிப் பையன் கிழவனாகும் காலம் அது. கற்ற கை சும்மா இருந்தால் என்ன ஆகும் என்று ஆத்தங்குடிக்காரரைக் கேட்டால் தெரியும். இதைச் சொன்னேன். ஐயா மறுக்கவில்லை. "அது தப்புத்தான்" என்றார்.

நவம்பர் 10, ஞாயிறு. ஊர் திரும்புதல்

விடுதிப் பணம் இன்னும் வரவில்லை. இரவு கொசுவால் தூக்கம் இல்லை, நோட்டை விசிறிக்கடியில் விரித்து வைத்ததில் பக்கங்கள் அப்பளமாகக் காய்ந்துவிட்டன.

விடைபெறப் போனேன். ஐயா குளித்துக்கொண்டிருந்தார். ஆச்சி மட்டும் அடுப்படியில். இந்த நான்கு நாளும் நான் அவரிடம் சாப்பாட்டைப் பற்றித் தவிர எதுவும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. விசாகப்பட்டினத்தில் எப்படி இருந்தீர்கள் என்றேன்.

"போட்டு போகும். எங்க போகுதுன்னு சொல்ல மாட்டாங்க, எப்ப வரும்னு சொல்ல மாட்டாங்க. தெலுங்கு தெரியாது. ரெண்டு பிள்ளைங்க. எங்க ஆயா காலத்துல ரங்கூன்ல இருந்து கடுதாசியாவது வரும், கப்பல் வந்தா தெரு முழுக்க வாசிப்பாங்க. எனக்கு அதுவும் இல்லை." கடைத் தெருவில் ரொட்டிக்காரன் அதிகமாக மூட்டை இறக்கினால் போட்டு வரப்போகிறது என்று பெண்கள் ஊகிப்பார்களாம். சிலசமயம் தப்பாகிவிடும். அன்றைக்குச் சமைத்ததை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் போட்டுவிடுவாராம்.

திருநெல்வேலிப் பக்கம் விஜயநாராயணத்தில் இருக்கும் கட்டபொம்மன் கடற்படைத் தளத்தைப் பற்றி அவரிடம் சொன்னேன். 1990 அக்டோபர் 20 அன்று குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் தொடங்கிவைத்தது. முதல் சக்ரா நம்மிடம் இருந்த கடைசி மாதங்கள் அவை. நானூறு மீட்டரைத் தாண்டிய கோபுரங்களிலிருந்து மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் அலைகளை அனுப்புகிறார்கள். சாதாரண ரேடியோ அலை கடல்நீரில் நுழையாது, இது சில மீட்டர் இறங்கும். மேலே வராமலே நீர்மூழ்கி சேதியைக் கேட்டுக்கொள்ளும். ஆனால் பதில் சொல்லாது. பதில் சொன்னால் இருக்குமிடம் தெரிந்துவிடும்.

"அப்ப நாம சொல்றது மட்டும் போகும்" என்றார் ஆச்சி.

"ஆமாம் ஆச்சி."

"அது போதும்" என்று எண்ணெய்ச் சட்டியைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

ஐயா வந்து என் நோட்டைக் கேட்டார். திண்ணையில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நனைந்த பக்கங்களையும் விடாமல் முழுக்க வாசித்தார். முக்கால் மணி நேரம் ஆனது. இரண்டாவது சக்ராவின் பக்கத்தில் நின்றார். "பணிக்காலம்: 2012 ஏப்ரல் 4 முதல் 2021 ஜூன் வரை" என்று தலைப்பில் எழுதியிருந்தேன். விபத்தைக் கீழே சிறு எழுத்தில் அடிக்குறிப்பாகப் போட்டிருந்தேன்.

பென்சிலால் அடிக்குறிப்பைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அங்கிருந்து மேலே தலைப்புவரை ஒரு கோடு இழுத்தார். "இதை மேல கொண்டுபோங்க தம்பி. அந்தக் கப்பல் வேலையை அன்னைக்கே ஆரம்பிச்சிருச்சு."

பஸ் திருமயத்தில் பத்து நிமிஷம் நின்றது. மழை மறுபடியும் பிடித்துக்கொண்டு கோட்டை பாதிதான் தெரிந்தது. ஆச்சி கட்டிக்கொடுத்த பிஸ்கட் டின்னைத் திறந்தேன், சீப்புச் சீடை, இன்னும் சூடு ஆறவில்லை. பக்கத்துச் சீட்டுப் பெண் குழந்தைக்கு இரண்டு கொடுத்தேன். அப்புறம் நோட்டைப் பிரித்து, புதுப் பக்கத்தில் முதல் வரியாக எழுதினேன்: 2008 நவம்பர் 8, ஜப்பான் கடல். 17 தொழிலாளர், பொறியாளர். 3 மாலுமி.